டொராண்டோவுக்குப் புதிதாக வந்து வேலை தேடுகிறவர்களுக்கு

மூன்று மாதமாக விண்ணப்பம் போட்டும் ஒரு நேர்காணல்கூட வரவில்லை, என்னிடம்தான் குறையா என்று கேட்டிருந்தீர்கள். முதலில் அதற்குப் பதில். ஃபிலிப் ஓரியோபூலஸ் என்ற பொருளாதார அறிஞர் டொராண்டோ வேலை விளம்பரங்களுக்கு ஆயிரக்கணக்கான கற்பனை விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்தார். முடிவு 2011-இல் வெளியானது. தகுதி சமமாக இருந்தும், இந்திய, சீன, பாகிஸ்தானியப் பெயர்களுக்கு ஆங்கிலப் பெயர்களைவிடக் குறைவாகவே அழைப்பு வந்தது. இது அநியாயம்தான். ஆனால் பதில் வராததை வைத்து உங்களை நீங்களே எடைபோட வேண்டாம்.

என் முதல் குளிர்காலத்தில் ஸ்கார்பரோவில் ஒரு நிலவறை வீட்டில் இருந்தேன். காலையில் எழுந்ததும் மின்னஞ்சலைத் திறப்பேன். "வருந்துகிறோம்" என்ற சொல்லைக் கண்டால் அன்றைக்கு வேறெதுவும் ஓடாது. எனக்கு அப்போது தெரியாத ஒன்றை உங்களுக்குச் சொல்கிறேன். வேலையிழந்த 928 பேரை வைத்து மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் ஓர் ஆய்வு செய்து 1989-இல் வெளியிட்டார்கள். அவர்கள் நடத்திய பயிற்சி இரண்டு வாரம், எட்டு அமர்வு. வேலை தேடும் நுணுக்கங்களோடு இன்னொன்றையும் பழக்கினார்கள்: என்னென்ன தடை வரும், வந்தால் அடுத்து என்ன செய்வது என்று முன்கூட்டியே யோசித்து வைப்பது. தடுப்பூசி போல. பயிற்சி பெற்றவர்களுக்கு நல்ல வேலைகள் அமைந்தன. அமையாதவர்களும் சோர்ந்துவிடாமல் தேடினார்கள். இப்படிப்பட்ட 47 ஆய்வுகளைத் தொகுத்து 2014-இல் வந்த கட்டுரையும் இதையே உறுதிசெய்தது: திறமை, ஊக்கம் இரண்டையும் சேர்த்து வளர்த்தால்தான் பலன்.

ஆகவே, சுயவிவரத்தைப் பத்தாவது முறையாகத் திருத்துவதை இன்றோடு நிறுத்துங்கள். ஒரு தாளில் எழுதிக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டுங்கள்: "மறுப்பு வந்தால், அன்றே ஒருவருக்குத் தொலைபேசுவேன்." "கனடா அனுபவம் உண்டா என்று கேட்டால், இப்படிச் சொல்வேன்." அந்தப் பதிலை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். என்னைப் பழக்கியவர் மாடிவீட்டு அக்கா. சாப்பாட்டு மேசையில் எதிரே உட்கார்ந்து, "ஆறு மாதமாக ஏன் வேலையில்லை?" என்று கேட்பார். முதல் தடவை எனக்குத் தொண்டை அடைத்தது. நான்காம் தடவை குரல் நிமிர்ந்தது.

யாருக்குத் தொலைபேசுவது என்பீர்கள். நெருங்கியவர்களுக்கு மட்டுமல்ல. அமெரிக்காவில் பாஸ்டன் அருகே நியூட்டன் நகரில் சமூகவியல் அறிஞர் மார்க் கிரனோவெட்டர் விசாரித்து எழுபதுகளில் வெளியிட்ட ஆய்வின்படி, தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில் பெரும்பாலோருக்கு உதவியது எப்போதாவது சந்திக்கும் ஆட்கள்தான். உறவினருக்குத் தெரிந்தது நமக்கும் ஏற்கெனவே தெரிந்திருக்கும். அரைப் பழக்கக்காரர் வேறு உலகத்தில் நடமாடுகிறார். அவரிடம் வேலை கேட்க வேண்டாம். "ஊரில் நான் செய்த வேலைக்கு இங்கே என்ன பெயர்? யார் ஆள் எடுக்கிறார்கள்?" என்று மட்டும் கேளுங்கள். பதவிப் பெயர் தெரியாமல் தவறான விளம்பரங்களுக்கே எழுதிக்கொண்டிருப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஊரில் என்ன வேலை பார்த்தீர்கள் என்று கீழே எழுதுங்கள். ஞாயிறு மாலை நேரம் இருந்தால், கேள்வி கேட்க நான் இருக்கிறேன்.