புதுப்பிப்பு: ஏற்காட்டுப் பசங்களின் கால்பந்து சீசன்

எங்கள் ஏற்காடு 13 வயதுக்குட்பட்டோர் அணி கோல்கிக் (நம் கோல் முன்னால் பந்தை வைத்து ஆட்டத்தை மறுபடி தொடங்கும் உதை) எடுக்கும்போதெல்லாம் பந்தைப் பறிகொடுக்கிறது என்று சீசன் தொடக்கத்தில் புலம்பியிருந்தேன். "நீளமா அடிக்காம பக்கத்துல குடுக்கச் சொல்லுங்க" என்றீர்கள். 2019-இல் மாறிய விதி அதற்கு வசதிதான்: பந்து கோல் முன்னால் இருக்கும் பெரிய கட்டமான பெனால்டி பகுதியைத் தாண்ட வேண்டியதில்லை, உதைத்து நகர்ந்தாலே போதும். நம் ஆள் உள்ளேயே வாங்கலாம். எதிரணிதான் வெளியே நிற்க வேண்டும்.

கோச் அதையே பழக்கினார். ஆரம்பத்தில் வாங்கிய கோல்களைப் பற்றிப் பேச வேண்டாம். அப்புறம் பிடிபட்டுவிட்டது. முன்பு கண்ணை மூடிக்கொண்டு ஓங்கி விட்ட கோல்கீப்பர், இப்போது பந்தை வைத்துவிட்டு நிமிர்ந்து இரண்டு பக்கமும் பார்க்கிறான்.

சேலத்தில் ஆடும்போதுதான் சிக்கல். 20 கொண்டை ஊசி வளைவு இறங்குவதற்குள் பாதிப் பேர் வாந்தி. குளிரில் ஓடிப் பழகியவர்களுக்குக் கீழே வெயில் வேறு. கட்டாந்தரையில் பந்து எகிறி, காலுக்கு வரவேண்டிய பாஸ் முழங்காலுக்கு வருகிறது. அங்கே மட்டும் நீளமாக அடிக்கலாம் என்பது என் கட்சி, கோச் கேட்கமாட்டார்.

கோப்பை இல்லை, நடுவில் முடித்தோம். அடுத்த சீசனில் பாதிப் பேருக்கு வயது தாண்டிவிடும். புதுப் பசங்களுக்கு மறுபடி முதலிலிருந்து சொல்லித்தர வேண்டும்.