சின்னப் படகில் சுறா மாட்டினால்: தூண்டில் முள்ளை எடுப்பதா, நரம்பை வெட்டிவிடுவதா?

சின்னப்படகு (கேள்வி)

வணக்கம். எங்களுடையது சின்ன ஃபைபர் படகு, இரண்டே பேர் போவோம். பாறை மீனுக்குப் போடும் இரையைச் சுறா எடுத்துவிடுகிறது. பெரும்பாலும் மூன்று, நான்கு அடி. எப்போதாவது ஆள் நீளத்துக்கும் வரும். எங்களுக்குச் சுறா வேண்டாம், உயிரோடு விடத்தான் பார்க்கிறோம்.

படகோரம் வந்த பிறகுதான் தகராறு. நரம்பை, அதாவது தூண்டில் நூலை, வெட்டிவிடலாம் என்பது என் கட்சி. முள்ளோடு விட்டால் செத்துவிடும், வாலைப் பிடித்து உள்ளே தூக்கிக் குறடால் எடுத்துவிடலாம் என்கிறார் கூட வருபவர். அப்படித் தூக்க இருவரும் ஒரே பக்கம் சாய வேண்டும், படகும் கூடவே சாயும். எது சரி?

தங்கூசி

உள்ளே தூக்காதீர்கள். ஆள் நீளச் சுறா என்றால் அந்தப் பேச்சே வேண்டாம்.

சுறாவுக்கு எலும்பு கிடையாது, எல்லாம் குருத்தெலும்பு. வயிற்றுப் பக்கம் தாங்கிப் பிடிக்க நம்மைப் போல விலாக்கூடும் இல்லை. அதன் எடையைத் தண்ணீர்தான் தாங்குகிறது. வாலைப் பிடித்துத் தொங்கவிட்டால் குடல், ஈரல் எல்லாம் தலைப்பக்கம் சரியும், முதுகுத்தண்டு இழுபடும். விட்டதும் நீந்திப் போவதைப் பார்த்துப் பிழைத்துவிட்டது என்று நினைத்துவிடுவோம்.

உங்களுக்கும் ஆபத்துதான். உடம்பு அவ்வளவு வளையும், பல சுறாக்களுக்கு மூக்கு வால்வரை எட்டும். படகோரம் வந்ததும் மரக்கட்டை போல அசையாமல் கிடக்கும், கை வைத்த நொடியில் சுழலும். வாயிலிருந்து தப்பினாலும் தோல் விடாது: வால்பக்கத்திலிருந்து தலைப்பக்கமாகக் கை உரசினால் உப்புத்தாள் தேய்த்தது போல் தோலை எடுத்துவிடும்.

முள் வாயோரத்தில் வெளியே தெரிந்தால், நீளப் பிடி வைத்த டீஹூக்கரால் (முள் கழற்றும் கருவி) தண்ணீரிலேயே தட்டி எடுக்கலாம். ஒன்றிரண்டு முறை பார்த்தும் வரவில்லையா, தொண்டைக்குள் போயிருக்கிறதா, வெட்டிவிடுங்கள். ஆனால் முள்ளுக்கு எவ்வளவு நெருக்கமாக முடியுமோ அவ்வளவு நெருக்கமாக. உள்ளே தங்கும் முள்ளைவிட, பின்னால் இழுபடும் நீள நரம்புதான் பெரும்பாலும் கேடு. செவிளிலும் துடுப்பிலும் சுற்றி அறுக்கும். ஸ்டெயின்லெஸ் முள் வேண்டாம். சாதாரண இரும்பு முள் நாளாவட்டத்தில் துருப்பிடித்து உதிர வழியுண்டு.

கரைக்காற்று

மேலே சொன்னதோடு ஒத்துப்போகிறேன். ஆனால் பாதி வேலை தூண்டில் கட்டும்போதே முடிந்துவிடும்.

சர்க்கிள் ஹூக் போடுங்கள், முனை உள்பக்கமாக வளைந்த வட்ட முள். அது பெரும்பாலும் வாயோரத்தில்தான் குத்தும். இரை எடுத்ததும் வெடுக்கென்று சுண்டக்கூடாது, நரம்பு தானாக இறுகட்டும். முள் கழலாமல் இருக்க நுனிக்குக் கீழே பின்னோக்கி நீட்டும் எதிர்முனையைக் குறடால் நசுக்கி மட்டமாக்கிவிட்டால் எடுப்பது இன்னும் சுலபம். சுறா வேண்டாம் என்றால் கம்பி லீடர் (முள்ளை ஒட்டிக் கட்டும் கடைசித் துண்டு) எதற்கு? நரம்பு லீடர் என்றால் பல சுறாக்கள் கடித்து அறுத்துக்கொண்டு போய்விடும்.

அப்புறம், விளையாட்டுக் காட்டாமல் சீக்கிரம் படகோரம் கொண்டுவாருங்கள். இழுபறி நீள நீள அதன் ரத்தத்தில் அமிலம் ஏறும். கொம்பன் சுறா (சுத்தியல் போலத் தலை உள்ளது) இதில் ரொம்ப மோசம், சண்டை போட்டே செத்துவிடும். தலையைப் பார்த்ததும் வெட்டிவிடுங்கள், போட்டோவெல்லாம் வேண்டாம்.

அலைவாய்

இவ்வளவு பாடு எதற்கு? மல்லாக்கத் திருப்பினால் சுறா மயங்கிவிடும். வீடியோவில் பார்த்திருப்பீர்களே.

தங்கூசி

மயங்கும், பொய்யில்லை. ஆனால் எல்லா இனமும் மயங்குவதில்லை, எப்போது விழிக்கும் என்றும் சொல்ல முடியாது. கயிறும் ஆட்களும் வைத்துக்கொண்டு ஆராய்ச்சியாளர்கள் செய்கிற வேலை அது. ஆடுகிற படகிலிருந்து அதைப் புரட்டுவதற்குக் கையை எங்கே வைப்பீர்கள்? அதை விடுங்கள்.

ஒருவர் லீடரைப் பிடிக்கட்டும், மற்றவர் கட்டரோடு நிற்கட்டும். லீடரைக் கையில் முடிச்சாகச் சுற்றவே கூடாது. சுறா திடீரென்று கீழே பாய்ந்தால் ஆளையும் இழுத்துவிடும். படகை மிக மெதுவாக முன்னே விடுங்கள், சுறா எஞ்சினிலிருந்து தள்ளி படகின் நடுப்பக்கத்தில் இருக்கட்டும். தலை நீரோட்டத்தைப் பார்த்திருந்தால் செவிளில் தண்ணீர் பாயும், சோர்ந்தது தெளியும். மீனைக் குத்தித் தூக்கும் கஃப் கொக்கியால் குத்த வேண்டாம்.

சின்னப்படகு

நன்றி. நரம்போடு துள்ளி, தானாகவே படகுக்குள் விழுந்துவிட்டால்?

கரைக்காற்று

முதலில் காலை இழுத்துக்கொண்டு ஆளுக்கொரு முனைக்குப் போய்விடுங்கள். துள்ளல் அடங்கட்டும். பிறகு ஈரத்துணியைக் கண்மேல் போட்டால் சின்னச் சுறா ஓரளவு அமைதியாகும். ஒரு கை தலைக்குப் பின்னால், ஒரு கை வாலுக்கு முன்னால், வயிறு தொங்காமல் மட்டமாகத் தூக்கிக் கடலில் விடுங்கள். செவிள் பிளவுக்குள் விரல் விடக்கூடாது. முதுகுத் துடுப்புக்கு முன்னால் முள் இருக்கும் இனங்கள் உண்டு, அந்த முள்ளில் லேசான விஷமும் இருக்கும். பெரிய சுறா என்றால் கிட்டேயே போகாதீர்கள், உதவி கூப்பிடுங்கள். செத்தது போல் கிடந்தாலும் வாய்ப்பக்கம் கை வேண்டாம், தாடை தானாகக் கவ்வும்.

கடிபட்டால் சுத்தமான துணியால் விடாமல் அழுத்துங்கள். கை காலில் ரத்தம் பீறிட்டு நிற்கவில்லை என்றால் காயத்துக்கு மேலே இறுகக் கட்டி, கட்டிய நேரத்தைக் குறித்துவைத்துக் கரைக்குத் திரும்புங்கள். சின்னக் கடி என்றாலும் மருத்துவரிடம் காட்டவேண்டும், கடல் நீரில் புண்ணைப் பெரிதாக்கும் கிருமிகள் உண்டு.

சின்னப்படகு

கட்டர் எந்த வகை வாங்குவது?

தங்கூசி

நரம்புக்கு வளைந்த கத்தியை ஒரு கழியில் இறுகக் கட்டினாலே போதும். கம்பி லீடர் மாட்டிவரும் நாளும் வரும், அதற்கு ஒரு போல்ட் கட்டர். கை எட்டுகிற இடத்தில் மாட்டிவையுங்கள், பெட்டிக்குள் வேண்டாம். கரை திரும்பியதும் நல்ல தண்ணீரில் கழுவி எண்ணெய் விடுங்கள், உப்பேறி இறுகிவிட்டால் வேண்டும்போது திறக்காது.