புதுப்பிப்பு: குறி ஏன் திரும்புகிறது என்பது பிடிபட்டது

போன வாரம் கேட்டிருந்தேனே, 5 − 3எக்ஸ் > 11 கணக்குக்கு மகள் எக்ஸ் > −2 என்று எழுதியது ஏன் தப்பு என்று? −3எக்ஸ் > 6 வரை அவள் போட்டது சரிதான். அப்புறம் −3ஆல் வகுக்கும்போது > குறியை < என்று திருப்பவில்லை.

மைனஸ் எண்ணால் வகுத்தால் குறி திரும்பும் என்ற விதியைச் சொன்னால் "ஏன்?" என்பாள். அதனால் எண்கோட்டில் 2, 5 இரண்டையும் குறித்து, மைனஸ் போட்டு மறுபக்கம் வைக்கச் சொன்னேன். வலக்கோடியில் இருந்த 5, −5 ஆகி இடக்கோடிக்குப் போனது. "ஓ, வரிசையே மாறிடுதா!"

ஆக, எக்ஸ் < −2. 0 போட்டுப் பார்க்கச் சொன்னவருக்கு நன்றி: 5 > 11, பொய். −3 போட்டால் 14 > 11, சரி.

வரைபடத்தில் இன்னொரு தகராறு. −2 மேல் வட்டத்தைக் கறுப்பாக நிரப்பியிருந்தாள்; அப்படியென்றால் −2உம் விடையில் சேரும் என்று அர்த்தம். −2 போட்டால் 11 > 11 வருகிறதே, அது பொய்தானே என்றதும் அழித்து, வெற்று வட்டமாக்கி, இடப்பக்கம் அம்புக்குறி போட்டாள்.