ட்ரிபிள் ஈ (எலக்ட்ரிகல் இன்ஜினியரிங்) பசங்களுக்கு எம்-3 (மூணாவது மேத்ஸ் பேப்பர்) எதுக்கு?

அரியர்_அரசன்: எம்-3ய மூணாவது அட்டெம்ப்ட்ல தான் க்ளியர் பண்ணேன். பேனல் போர்டு கம்பெனில சேந்து ரெண்டு வருஷம் ஆச்சு, இதுவரைக்கும் ஒருத்தன்கூட எக்ஸ் ஸ்கொயர சைன் வேவாப் பிரிச்சு ஃபோரியர் சீரிஸ் போடுடான்னு கேக்கல, கேட்டாலும் மேட்லாப் சாஃப்ட்வேர் பாத்துக்கும். அந்த செமஸ்டர்ல மெஷின கன்ட்ரோல் பண்ற பிஎல்சி சொல்லிக் குடுத்திருந்தா உருப்பட்டிருப்போம்.

நியூட்ரல்_வயர்: தம்பி, பேனல் தானே போடுற? மூணு ஃபேஸும் பேலன்ஸா 50 ஆம்ப்ஸ். கரண்ட் திரும்பிப் போற நியூட்ரல் கம்பில எவ்ளோ?

அரியர்_அரசன்: ஜீரோ. இதுக்கு எதுக்குண்ணே எம்-3.

நியூட்ரல்_வயர்: மாட்டுனியா. ஒரு ஆபீஸ் பில்டிங், ஃபுல்லா கம்ப்யூட்டரும் எல்ஈடி லைட்டும், லோடு பேலன்ஸ் தான், ஆனா நியூட்ரல் கேபிள்ல கை வெக்க முடியல. எலக்ட்ரீஷியன் லூஸ் கனெக்‌ஷன்னு மூணு தடவ டைட் பண்ணிட்டுப் போனாரு. கம்ப்யூட்டருக்குள்ள இருக்கற பவர் சப்ளை, அதான் எஸ்எம்பிஎஸ், இழுக்குற கரண்ட் சைன் வேவ் இல்லப்பா, வோல்டேஜ் உச்சிக்கு வரும்போது மட்டும் சுருக்குன்னு இழுக்கும், அதப் பிரிச்சா 50 ஹெர்ட்ஸோட 150 ஹெர்ட்ஸும் இருக்கும். ஃபேஸுக்கு ஃபேஸ் 120 டிகிரி தள்ளி இருக்கறதால 50 ஹெர்ட்ஸ் கேன்சல் ஆயிடும், ஆனா அந்த 150 ஹெர்ட்ஸுக்கு, அதாவது மூணாவது ஹார்மோனிக்குக்கு, அந்த 120 மூணு மடங்காகி 360, அதாவது தள்ளவே இல்ல, மூணும் சேந்து நியூட்ரல்ல எறங்கும். அந்த 150 ஹெர்ட்ஸ் மட்டும் ஒவ்வொரு ஃபேஸ்லயும் 20 ஆம்ப்ஸ்னா நியூட்ரல்ல 60. மேட்லாப்கிட்ட இதக் கேக்கணும்னு உனக்கு மொதல்ல தோணணும்ல?

அரியர்_அரசன்: கிளாம்ப் மீட்டர் மாட்டினா தெரிஞ்சுட்டுப் போகுது.

நியூட்ரல்_வயர்: சாதா மீட்டர் சைன் வேவ்னு நம்பித்தான் கணக்கு போடும். கம்ப்யூட்டர் லோடு ஃபேஸ்ல மாட்டு, குறைச்சுக் காட்டும். எந்த வேவா இருந்தாலும் சரியாக் காட்டுற ட்ரூ ஆர்எம்எஸ் மீட்டர் வாங்கு.

ஜே_ஒமேகா: எனக்குக் கடுப்பு காம்ப்ளக்ஸ் நம்பர்ல. மைனஸ் ஒண்ணோட ஸ்கொயர் ரூட்ட மேத்ஸ் சார் ஐ-ன்னாரு, சர்க்யூட் மேடம் ஜே-ன்னாங்க, கரண்டுக்கு ஐ போயிட்டதால தான் ஜே, ரெண்டும் ஒண்ணுன்னே செகண்ட் இயர்ல தான் புரிஞ்சுது. ஏசி சர்க்யூட்டுக்கு டிஃபரன்ஷியல் ஈக்வேஷனோட மல்லுக்கட்டாம இந்த காம்ப்ளக்ஸ் நம்பர வெச்சு சும்மா கூட்டல் பெருக்கல்ல முடிக்கலாம்னு 1893ல ஸ்டெயின்மெட்ஸ்ங்கற எலக்ட்ரிகல் இன்ஜினியர் காட்டினாரு. நம்ம கஷ்டத்தக் குறைக்க வந்தத வெச்சே நம்மள ஃபெயில் ஆக்குறாங்க.

அரியர்_அரசன்: அதான் நானும் சொல்றேன்! அண்ணன் சொன்ன நியூட்ரல் கதைய கிளாஸ்ல ஒரு தடவ சொல்லிருந்தா ரெண்டு அட்டெம்ப்ட் மிச்சமாயிருக்கும். சரி, ஃபோரியர் சீரிஸ ஒத்துக்கறேன். அதுக்கு அடுத்த யூனிட்ல நீளக் கம்பில சூடு எப்படிப் பரவுதுன்னு ஒரு கணக்கு வருமே, அது மெக்கானிக்கல்காரனுக்குத் தானே, நமக்கெதுக்கு?

நியூட்ரல்_வயர்: ஃபோரியர் அந்த சீரிஸப் போட்டதே சூட்டுக்குத்தான்டா, 1822ல வந்த அவரு புக்கே வெப்பத்தப் பத்தினது. அப்புறம் நாம இவ்ளோ நேரம் எந்தக் கம்பி சூடானதப் பத்திப் பேசிட்டிருந்தோம்? 😂