செர்மாட்டில் ஸ்கீ விடுமுறை: உயரத்தையும் காற்றையும் பார்த்துத் திட்டம் போடுங்கள்

பிப்ரவரியில் குடும்பத்தோடு சுவிட்சர்லாந்தின் செர்மாட்டுக்குப் போகலாமா என்று கேட்டிருந்த தோழருக்கு: தாராளமாகப் போங்கள். ஆனால் எந்த ஹோட்டல், எங்கே ஜாக்கெட் வாங்குவது என்பதெல்லாம் அப்புறம். எந்த நாளில் எவ்வளவு உயரத்துக்கு ஏறப்போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள், அந்த ஊரில் மற்ற எல்லாமே அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

ஊர் இருப்பது 1,620 மீட்டரில். அங்கிருந்து கோண்டோலா (கம்பிவடத்தில் ஓடும் பெட்டி) மாறி மாறி ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் 3,800 மீட்டருக்கும் மேலே கிளைன் மேட்டர்ஹார்ன் நிலையத்தில் இறக்கிவிட்டுவிடுவார்கள். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குகூட இல்லை. உடம்புக்குப் பழக நேரமே கிடைக்காது. நாங்கள் மேலே போனபோது நெதர்லாந்திலிருந்து வந்த ஒருவர், நல்ல திடகாத்திரமான ஆள், சுவரோரம் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முந்தைய இரவுதான் ஊருக்கு வந்தாராம், காலையில் வானம் தெளிவாக இருந்ததால் நேராக உச்சிக்கே ஏறிவிட்டார்களாம். கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும் என்று அவர் சொல்லச் சொல்ல, அங்கிருந்த பணியாளர் கேட்கவே இல்லை, அடுத்த பெட்டியிலேயே மனைவியோடு கீழே அனுப்பிவைத்தார். பிற்பகல் கீழே ட்ரோக்கனர் ஸ்டெக் என்ற இடை நிலையத்தில் பார்த்தபோது சிரித்துக்கொண்டு சூப் குடித்துக்கொண்டிருந்தார். மருந்து மாத்திரையெல்லாம் தேவைப்படவில்லை, கிட்டத்தட்ட 900 மீட்டர் இறங்கியதே போதுமானதாக இருந்தது.

அதனால் முதல் இரண்டு நாள் சுன்னெக்கா பக்கமே இருங்கள். மலைக்குள் குடைந்த சுரங்கப்பாதையில் ஓடும் ரயில் சில நிமிடங்களில் 2,288 மீட்டருக்குக் கொண்டுபோய்விடும். பக்கத்திலேயே லைசே ஏரிக்கரையில் புதிதாகக் கற்பவர்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி இடம் இருக்கிறது, மேட்டர்ஹார்ன் சிகரம் எதிரிலேயே நிற்கும். சுவிட்சர்லாந்தில் சரிவு எவ்வளவு கடினம் என்று காட்ட நீலம், சிவப்பு, கறுப்பு என்று மூன்றே நிறம், பிரான்ஸில் உள்ளதுபோல் பச்சை கிடையாது. நீலம்தான் ஆரம்பநிலை, ஆனால் எல்லா நீலமும் ஒரே மாதிரி இருக்காது, பயிற்சியாளரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

அடுத்தது இத்தாலி ஆசை. எல்லாருக்கும் வரும். எல்லை தாண்டி செர்வீனியாவில் இறங்கி மதியம் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவது அவ்வளவு அருமையான அனுபவம். எங்கள் ஹோட்டல் வரவேற்பில் ஒரு போர்ச்சுகீசியப் பெண் இருந்தார் (செர்மாட்டில் போர்ச்சுகீசியர் நிறையப் பேர் வேலை பார்க்கிறார்கள்), அவர் தெளிவாகச் சொன்னார்: வாரம் முழுக்க இத்தாலிப் பக்கத்துக்கும் சேர்த்து லிஃப்ட் பாஸ் வாங்காதீர்கள், காற்றில்லாத நாளாகப் பார்த்து அன்றைக்கு மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர் பேச்சைக் கேட்டுத்தான் போனோம். செர்வீனியாவில் பாஸ்தா பாதி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பரிமாறியவர் ஜன்னல் வழியாக மேலே பார்த்துவிட்டு, காற்று ஏறுகிறது, செர்மாட் போகிறவர்கள் இப்போதே கிளம்புங்கள் என்றார். தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தோம். நாங்கள் எல்லையில் 3,458 மீட்டரில் உள்ள டெஸ்டா க்ரிஜியாவைத் தாண்டிய கொஞ்ச நேரத்தில் லிஃப்டை நிறுத்திவிட்டார்கள். எங்கள் ஹோட்டலிலேயே தங்கியிருந்த ஒரு குடும்பம் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டு, டாக்ஸி பிடித்து, கிரேட் செயின்ட் பெர்னார்ட் சுரங்கம் வழியாக மலையையே சுற்றிக்கொண்டு நடு இரவில் வந்து சேர்ந்தது. குழந்தைகள் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது. அடையாள அட்டையோ பாஸ்போர்ட்டோ கையில் இல்லாமல் அந்தப் பக்கம் இறங்கவே இறங்காதீர்கள்.

பெரியவர்கள் கூட வந்தால் கோர்னர்கிராட் ரயில் போதும். 1898 முதல் ஓடுகிறது, 3,089 மீட்டர் வரை உட்கார்ந்தபடியே போகலாம். அம்மா அதில்தான் வந்தார்கள், இடையில் ரிஃபல்பெர்க்கில் இறங்கிச் சற்று நேரம் இருந்துவிட்டு மேலே ஏறியதால் தலைவலி எதுவும் இல்லை. இருந்தாலும் இதய நோய், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்காமல் ஏற வேண்டாம்.

காப்பீடு: இங்கே சுவிட்சர்லாந்தில் ஒரே இடத்தில் வாரத்துக்கு 8 மணி நேரமாவது வேலை பார்ப்பவர்களுக்கு, வேலை நேரத்துக்கு வெளியே நடக்கும் விபத்துக்கும் முதலாளி வழியாகக் காப்பீடு உண்டு. நம் ஊரிலிருந்து வரும் பெற்றோருக்கு அது கிடையாது. அவர்கள் பயணக் காப்பீட்டில் ஹெலிகாப்டர் மீட்பு இருக்கிறதா என்று பார்த்து எடுங்கள்.

திரும்பும் விமானத்தையும் கடைசி நாளோடு ஒட்டி எடுக்காதீர்கள். 2018 ஜனவரியில் பனிப்பொழிவால் சாலையும் ரயிலும் அடைபட்டு சுமார் 13,000 பயணிகள் செர்மாட்டில் முடங்கினார்கள். உள்ளே கார் போகாத ஊர் அது, காரில் வருபவர்கள் பள்ளத்தாக்கில் கீழே உள்ள டேஷில் காரை விட்டுவிட்டு ரயிலிலோ டாக்ஸியிலோதான் வரவேண்டும். அந்த ஒற்றைப் பள்ளத்தாக்கு அடைபட்டால் தரை வழியாக வேறு வழி கிடையாது.

*

மேலே எழுதியவர் சொன்னதோடு என் அனுபவத்தையும் சேர்க்கிறேன். நாங்கள் போனது பிரான்ஸில் வால் தொரான்ஸ், 2,300 மீட்டர், ஐரோப்பாவிலேயே உயரமான ஸ்கீ ஊர். நவம்பர் கடைசியிலிருந்து மே தொடக்கம் வரை பனிக்குக் குறை இருக்காது. ஆனால் தூங்குவதே அந்த உயரத்தில் என்பதால் முதல் இரவு யாருக்கும் சரியாகத் தூக்கம் வரவில்லை, தொண்டை வறண்டு வறண்டு எழுந்தோம். இன்னொன்று, அங்கே மரமே கிடையாது. மேகம் இறங்கினால் தரையும் வானமும் ஒரே வெள்ளை, சரிவு எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. அப்படி ஒரு காலையில் என் மகள் நடுச்சரிவில் அழுதுகொண்டு நின்றுவிட்டாள். சிவப்பு ஜாக்கெட் போட்ட ஈஎஸ்எஃப் (பிரெஞ்சு ஸ்கீ பள்ளி) பயிற்சியாளர் ஒருவர், எங்களுக்கு அறிமுகமே இல்லாதவர், தன் வகுப்புப் பிள்ளைகளின் வரிசையில் அவளையும் கடைசியாகச் சேர்த்துக்கொண்டு, ஓரத்தில் நட்டிருக்கும் கம்பங்களைக் காட்டிக்காட்டி லிஃப்ட் வரை கூட்டிப்போனார். அந்த மனிதரை மறக்க முடியாது.

மறுநாளும் அதே வானிலை. இணைப்பு லிஃப்ட் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு பக்கத்துப் பள்ளத்தாக்கில் உள்ள மெரிபெல் பக்கம் இறங்கினோம், அங்கே மரங்களுக்கு நடுவே சரிவு என்பதால் கண்ணுக்குத் தெரிந்தது. சின்னக் குழந்தைகள் இருந்தால் நான் அங்கேயே தங்கச் சொல்வேன், வெயில் அடிக்கும் நாளில் வால் தொரான்ஸுக்கு ஏறிக்கொள்ளலாம். சனிக்கிழமைதான் அங்கே எல்லாரும் அறை மாறும் நாள், அடிவாரத்தில் ரயில் நிலையம் உள்ள மூத்தியே வரை சாலை நெரிசலாக இருக்கும், முடிந்தால் ரயிலில் வந்து அங்கிருந்து பஸ் பிடியுங்கள்.