ஷெர்லாக்: மொரியார்ட்டி உண்மையிலேயே திரும்பி வந்தானா?

கேள்வி: பிபிசி துப்பறியும் தொடர் ஷெர்லாக் 3-வது சீசன் கடைசி எபிசோடில் (2014 ஜனவரி 12) நாடு முழுக்கத் திரைகளில் வில்லன் மொரியார்ட்டி முகம் வருது. 2012-லேயே மருத்துவமனை மாடியில் சுட்டுக்கிட்டவன் எப்படி? எந்த எபிசோடில் விடை இருக்கு?

பதில் 1: செத்தவன் செத்தவன்தான். அடுத்து 2016 புத்தாண்டு சிறப்பு எபிசோடைப் பாருங்க. 1895 வழக்கு மாதிரி வந்தாலும், ஷெர்லாக் மனசுக்குள் சோதிச்சுப் பார்ப்பது மொரியார்ட்டி சாவைத்தான். அதில் ஒரு மணப்பெண் தற்கொலை செஞ்ச மாதிரி காட்ட, ஒரு துப்பாக்கியை வாயில் வைத்து, இன்னொன்றால் தரையில் சுடுறாள். அதே நொடியில் பின்னாலிருந்து கூட்டாளி திரைச்சீலையில் ரத்தம் தெளிக்கிறாள். கணவனைக் கொன்ற பிறகுதான் நிஜச் சாவு. பிணவறையில் பிணத்தையும் மாத்திடுறாங்க. மொரியார்ட்டிக்கு இந்த வித்தை பொருந்தாது என்ற முடிவுக்கு ஷெர்லாக் வருவதுதான் எபிசோடின் உயிர்.

பதில் 2: முழு விடை 2017 ஜனவரி 15 எபிசோடில். தீவுச் சிறைக்கு ஹெலிகாப்டரில் மொரியார்ட்டி வந்திறங்குவது 5 வருஷத்துக்கு முந்தைய காட்சி. மொரியார்ட்டியா நடிச்ச ஆண்ட்ரூ ஸ்காட் இறங்கும் தோரணைக்கே கைதட்டலாம். அங்கே அடைபட்டிருக்கும் ஷெர்லாக்கின் தங்கை யூரஸோடு 5 நிமிஷம் தனியாகப் பேசுறான். பிறகு ஓடுவதெல்லாம் உயிரோடு இருந்தப்போ பதிவு செய்த வீடியோ.

பதில் 3: என் பார்வையில் கோட்டை விட்டது அங்கேதான். ஏற்கெனவே பதிவான வில்லன் நாயகனுக்கு எதிர்வினை காட்ட முடியாது. 2010 நீச்சல்குளக் காட்சியின் பதற்றமே ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் மடக்குவதில் வந்தது. வீடியோவில் அது எப்படி வரும்?