மறு: அண்டர்வாட்டர் ஹவுசிங் - உறையா, கூடா?

எல்லாருக்கும் வணக்கம்.

தண்ணிக்குள்ள படம் எடுக்கறப்ப கேமராவ நனையாம வைக்கிற அண்டர்வாட்டர் ஹவுசிங்குக்குத் தமிழ்ல என்ன சொல்லலாம்னு பேசிட்டிருக்கற இந்த இழையில வந்த சொல் எல்லாத்தையும் திரும்ப ஒருதடவ படிச்சேன். நீர்க்கவசம், நீர்ப்புகாப் பெட்டி, நீரடி உறை, கேமரா வீடு, இவ்வளவும் வந்திருக்கு. என் ஓட்டு இதுல எதுக்கும் இல்ல. கூடுன்னு சொல்லணும், முழுசா நீரடிக்கூடு. கொஞ்சம் நீளமாத்தான் சொல்லப்போறேன், பொறுத்துக்கங்க.

மொதல்ல அந்தச் சாமான் என்ன பண்ணுதுன்னு பாத்துடுவோம். கடைக்குப் போயி இல்ல ஆன்லைன்ல தேடுனா ரெண்டு ஜாதிப் பொருள் வரும். ஒண்ணு வளையுற பிளாஸ்டிக் பை, வாய மடிச்சு கிளிப் போட்டு மூடறது. இன்னொண்ணு கெட்டியான பாலிகார்பனேட் இல்லன்னா அலுமினியத்துல செஞ்சது, பின்னாடி கதவு மாதிரி தெறந்து கேமராவ உள்ள வச்சு கொக்கி போட்டு இறுக்கறது. நம்மூர்ல ரெண்டையும் வாட்டர்ப்ரூஃப் கவர்னுதான் சொல்றாங்க, கடைக்காரரும் அப்படித்தான் சொல்லி விக்கிறாரு. ஆனா தண்ணிக்குள்ள போனா ரெண்டும் ஒண்ணே இல்ல. பத்து மீட்டர் ஆழத்துல மேல இருக்கறத விட சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம் கூடுதலா வருது, அதாவது பத்துக்குப் பத்து சென்டிமீட்டர் பரப்புல நூறு கிலோ. பை வளையுறதால அந்த அழுத்தம் அப்படியே உள்ள இருக்கற காத்துக்கும் வந்துடும், காத்து பாதியா சுருங்கி பிளாஸ்டிக் கேமரா மேல ஒட்டிக்கும், பட்டன் தானா அமுங்கும், அப்புறம் படம் எடுக்க முடியாது. கெட்டியானதுல சுவர்தான் அவ்வளவு பாரத்தையும் வாங்குது, உள்ள கரையில மூடினப்ப இருந்த காத்தழுத்தமே இருக்கும், தான் தண்ணிக்குள்ள இருக்கறதே கேமராவுக்குத் தெரியாது.

இதனாலதான் ரெண்டுக்கும் ஒரே பேர் வைக்கக்கூடாதுங்கறேன். உறைங்கறது நம்ம பேச்சுல உள்ள இருக்கற பொருளோட உருவத்துக்கு ஒட்டிக்கிறது, தலையணை உறை, கத்தி உறை, கையுறை. பைக்கு அது கச்சிதம், அத நீருறைன்னே சொல்லலாம். கெட்டியானதுக்கு மூக்குக்கண்ணாடிய வைக்கிறத என்ன சொல்றோம், கண்ணாடிக்கூடு. நத்தைக்கும் கூடுதான். உள்ள இருக்கறது மெத்துனு இருந்தாலும் சுவர் பாரத்தத் தாங்கும், அந்த அர்த்தம் இந்தச் சொல்லுக்குள்ளயே இருக்கு.

கூடுன்னா ஓட்டை ஒடசலா இருக்குமே, குருவிக்கூடுதான் ஞாபகம் வருதுன்னு கும்பகோணத்து அக்கா எழுதியிருந்தாங்க. நியாயமான கேள்விதான் அக்கா. ஆனா கண்ணாடிக்கூடுன்னு சொல்றப்ப யாருக்கும் குருவி ஞாபகம் வர்றதில்லயே, முன்னாடி நிக்கிற சொல் அதப் பாத்துக்கும். கவசம் வேணாங்கறதுக்குக் காரணம், 2020க்கு அப்புறம் அந்தச் சொல் முகக்கவசத்தோட ஒட்டிப்போச்சு, அதுவும் இல்லாம கவசம் அடிதாங்குறது, முழுக்க மூடி அடைக்கிறதுங்கற பொருள் அதுல கிடையாது. பெட்டின்னா பொருள உள்ள வச்சு மூடிட்டுப் போறது, இங்க கேமரா உள்ள இருந்தபடியே வேல செய்யுது, ஒவ்வொரு பட்டனுக்கும் வெளியிலேருந்து ஒரு தண்டு போகுது. வீடுங்கறது ஆங்கிலச் சொல்ல அப்படியே பேத்துப் போட்டது, மன்னிக்கணும், எனக்குப் பிடிக்கல.

முன்னாடி ஏன் நீரடி? கடலடின்னு போடலாம்னு நாகப்பட்டினத்து நண்பர் சொன்னாரு. 1990கள்ல தேசிய கடலியல் நிறுவனத்துக்காரங்க பூம்புகாருக்கு வெளிய 20 மீட்டருக்கும் அதிகமான ஆழத்துல முங்கித் தேடினத எழுதறப்ப கடலடின்னு எழுதினா பொருத்தம்தான். ஆனா இந்தக் கூட்ட ஆத்துலயும் குளத்துலயும் பாசன வாய்க்கால்லயும் இறக்கலாம், கல்லணைக்குக் கீழ மீன் படம் எடுக்கறவருக்கு கடலடிக்கூடுன்னா ஒட்டாது. மூழ்குகூடுன்னு நானே யோசிச்சுப் பாத்தேன், ஊறுகாய், சுடுநீர் மாதிரி வினைத்தொகையா அழகாத்தான் இருக்கு. ஆனா மூழ்குறதுன்னா நம்மாளுங்க காதுல கப்பல் மூழ்கிப்போச்சுங்கற மாதிரி விழுது. கேமரா வச்சிருக்கறவன் அந்தச் சொல்லக் கேக்கவே விரும்பமாட்டான்.

இனி பட்டுக்கோட்டைத் தம்பி கேட்ட கேள்விக்கு வர்றேன், அவருக்கு சொல் வேணும், கூடவே எத வாங்கறதுன்னும் தெரியணும். மல்லிப்பட்டினம், சேதுபாவாசத்திரம் பக்கம் கடல்தாழைப் படுகைய, அதாவது கடலடியில புல் மாதிரி வளர்ந்து கெடக்கற எடத்த, படம் எடுக்கணும்னு சொல்லியிருக்காரு. 2022 செப்டம்பர்ல தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையில 448 சதுர கிலோமீட்டர கடல்பசுப் பாதுகாப்பகமா அறிவிச்சாங்க இல்லையா, அந்தப் படுகைதான். நல்ல காரியம் தம்பி. பாக் விரிகுடா ஆழமில்லாத கடல், அதனால ஆழக் கணக்க பெருசா பாக்க வேண்டாம். கேனன் தன் சின்ன கேமராக்களுக்குப் போட்ட பாலிகார்பனேட் கூட்டுலயே 40 மீட்டர்னு போட்டிருப்பாங்க, உங்களுக்கு அதுவே மிச்சம். அலுமினியம் உறுதிதான், கேமராவோட சூட்டயும் வெளிய தள்ளும், ஆனா வெல ரொம்ப எகிறும். பாலிகார்பனேட்ல ஒரு வசதி, தெளிவான பிளாஸ்டிக்கா இருந்தா ஒரு சொட்டு உள்ள வந்தாலும் கண்ணால பாத்துடலாம்.

ஆனா கேமராவ வாங்கிட்டு கூடு தேடாதீங்க, மொதல்ல கூடு எந்த மாடலுக்குக் கெடைக்குதுன்னு பாத்துட்டு அந்தக் கேமராவ வாங்குங்க. பட்டன் இருக்கற எடம் மில்லிமீட்டர் மாறினாலும் பழைய கூட்டுக்குள்ள புதுசு உக்காராது. கோப்ரோ மாதிரி சின்ன கேமராவ கூடு இல்லாமலே 10 மீட்டர் வரைக்கும் இறக்கலாம்னு கம்பெனியே சொல்லுது, அதோட சொந்தக் கூட்டப் போட்டா 60 மீட்டர். ஆழமில்லாத எடத்துல வீடியோ மட்டும் போதும்னா அத யோசிக்கலாம். ஐபிஎக்ஸ்7ன்னு நீர்தாங்கற தரக்குறி போட்ட போன நம்பி கடல்ல முங்காதீங்க, அது ஒரு மீட்டர்ல அரை மணி நேரத்துக்கான கணக்கு, அதுவும் நல்ல தண்ணியில.

அடுத்தது போர்ட். இதுக்குத் துறைன்னு ஒருத்தர் எழுதினாரு, அது துறைமுகத்துக்கான சொல்லுங்க, லென்ஸுக்கு முன்னாடி நிக்கிற கண்ணாடிக்கு ஆகாது. முகப்புன்னு வச்சா போதும், சமதளமா இருந்தா தட்டைமுகப்பு, குமிழ் மாதிரி வெளிய உப்பியிருந்தா குமிழ்முகப்பு. இந்த ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்த விளங்கிக்கிட்டா பாதி வேல முடிஞ்சுது. தண்ணியோட ஒளிவிலகல் எண் 1.33, அதனால தட்டைமுகப்பு வழியா பாத்தா எல்லாம் கிட்டத்துல பெருசா தெரியும், காட்சி அகலம் சுருங்கிப்போகும், 28 மில்லிமீட்டர் லென்ஸ் கிட்டத்தட்ட 37 மாதிரி நடந்துக்கும். குமிழ்முகப்பு அந்த அகலத்தக் காப்பாத்திக் குடுக்குது. நம்ம பக்கம் இது ரொம்ப முக்கியம், ஏன்னா நம்ம தண்ணி கலங்கல் தண்ணி. வடகிழக்குப் பருவத்துல கடல்லயும் அப்படித்தான், முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டு ஓடையிலயோ புதுத்தண்ணி வர்ற ஆத்துலயோ கேக்கவே வேண்டாம். கலங்கல்ல படம் எடுக்க ஒரே வழி பொருளுக்கு ரொம்பக் கிட்ட போறது, லென்ஸுக்கும் பொருளுக்கும் நடுவுல எவ்வளவு தண்ணி கம்மியோ அவ்வளவு தெளிவு, கிட்ட போனாலும் முழுசா அடங்கணும்னா அகல லென்ஸும் குமிழ்முகப்பும் வேணும். ஒண்ணு கவனிங்க, குமிழ் வழியா பாக்கறப்ப பிம்பம் முகப்புக்குச் சமீபத்துலயே உருவாகும், அதனால லென்ஸ் கிட்டத்துல ஃபோகஸ் ஆகணும், வாங்கறதுக்கு முன்னாடி அதக் கேட்டுக்கங்க. கடல்குதிரை மாதிரி சின்ன உயிரினத்தப் படம் எடுக்கறதா இருந்தா தட்டைமுகப்பே நல்லது.

கூட்டோட கதவு இடுக்குல தண்ணி புகாம அடைக்கிற வளையம் இருக்கே, அந்த ஓரிங்குக்கு தமிழ்ல என்னன்னு கேட்டு ஏழெட்டு மடல் வந்திருக்கு. வேண்டாங்க. மன்னார்குடியில எந்த மோட்டார் ரிப்பேர் கடைக்குப் போனாலும் ஓரிங்னுதான் கேக்கறாங்க, குடுக்கறாங்க, அது தமிழாயி ரொம்ப நாளாச்சு. அதுக்குப் பேர் தேடுற நேரத்துல அத எப்படிப் பாத்துக்கறதுன்னு எழுதினா புண்ணியம். கூடு ஒழுகறதுக்கு முக்காவாசி காரணம் அந்தக் கறுப்பு வளையத்து மேல இருக்கற ஒரு மயிரிழை, இல்ல ஒரு மணல். வளையத்தக் கழட்டி ரெண்டு விரலுக்கு நடுவுல மெதுவா உருவிக்கிட்டே வந்தா நெருடல் தெரியும், கண்ணுக்குத் தப்பறது விரலுக்குத் தப்பாது. அது உக்கார்ற பள்ளத்தயும் பஞ்சு வச்சுத் தொடைக்கணும். கூடு செஞ்சவங்க சொன்ன சிலிக்கான் கிரீஸ் மட்டும் வளையம் மினுமினுக்கற அளவுக்குத் தடவணும், வாசலின் கூடாது. கிரீஸ் அடைக்கிறதுக்கு இல்ல, வளையம் முறுக்கிக்காம சரியா உக்காரத்தான், அப்பிவிட்டா மணல இழுத்து ஒட்டவச்சுக்கும்.

மொதல் தடவ கேமராவ வைக்காம, உள்ள ஒரு டிஷ்யூ பேப்பர மட்டும் வச்சு பம்ப்செட் தொட்டியில அரை மணி நேரம் அமுக்கிப் பாருங்க. அவ்வளவு கொஞ்சம் ஆழத்துல என்ன தெரியும்னு நெனைக்காதீங்க, அழுத்தம் கூடினா வளையம் இன்னும் இறுக்கமா உக்காரும், பல ஒழுகல் மேல்மட்டத்துலதான் காட்டிக்குடுக்கும். எல்லா பட்டனையும் தண்ணிக்குள்ளயே அமுக்கிப் பாக்கணும், தண்டு வழியாவும் வரலாம். கரையில புழுக்கத்துல மூடினா உள்ள ஆவி படியும், சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒண்ணு போட்டுடுங்க. கடல்லேருந்து ஏறினதும் நல்ல தண்ணியில ஊறவச்சு பட்டன அமுக்கி விடணும், உப்பு காஞ்சு தண்டுல படிஞ்சா அடுத்த முங்கலுக்கு அந்த எடத்துலதான் ஒழுகும்.

ஆக, நீரடிக்கூடு, நீருறை, தட்டைமுகப்பு, குமிழ்முகப்பு, ஓரிங். இந்த அஞ்சையும் பட்டியல்ல சேக்கலாம்னு முன்மொழியறேன். கும்பகோணத்து அக்கா மறுப்பு இருந்தா எழுதுங்க, உங்க காது எனக்கு முக்கியம். தண்ணியில மிதக்கற தூசு பிளாஷ் வெளிச்சத்துல புள்ளிபுள்ளியா வெளுத்துத் தெரியுதே, அதுக்கு பின்சிதறல்ங்கற பாடப்புத்தகச் சொல் எனக்குப் போதுமானதா படல, வலை வீசறவங்க கலங்கல் தண்ணிக்குச் சொல்ற சொல் எதாவது இருந்தா அதிராம்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து நண்பர்கள் விசாரிச்சு எழுதுங்க. தம்பி, நீங்க பாத்து வச்சிருக்கற கேமராவோட மாடல் நம்பர அனுப்புங்க, அதுக்குக் கூடு இப்ப கெடைக்குதான்னு நான் பாத்துச் சொல்றேன்.